பதின்மூன்று குழிகள்

என் மனைவியின் தம்பி இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓர் இரவு அழைத்தான். "மச்சான், ரப்பர் மரத்தில எனக்கு ஒரு ஸ்டாண்டு செஞ்சு குடுக்க முடியுமா? லீவுல வர்றப்போ எடுத்துக்கிறேன்" என்றான். பூச்சட்டிக்கா, புத்தகத்துக்கா என்று கேட்டேன்.

"துப்பாக்கிக்கு" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காஜாங்கில் எங்கள் தாமான் வீட்டுப் பின்கட்டில் உளியும் இழைப்புளியும் வைத்துக்கொண்டு, கோயிலுக்கு மனைப்பலகை, பேரனுக்கு நாற்காலி என்று பொழுதுபோக்காகச் செய்கிறவன் நான். துப்பாக்கி என்ற சொல்லே நம் நாட்டில் வயிற்றைக் கலக்கும். 1960 ஆம் ஆண்டுச் சுடுகருவிச் சட்டத்தில் போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் அடங்கும்.

பிறகு அவன் விளக்கினான். 1996 இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் ஒருவன் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டே பிரிட்டன் கைத்துப்பாக்கிகளுக்குத் தடை போட்டது. குழலின் வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் பழைய காலத் துப்பாக்கிக்கு விலக்கு கிடைத்தது. அதற்கும் போலீஸ் உரிமம் வேண்டும். கரிமருந்து வாங்கத் தனிச் சான்றிதழ் வேண்டும்.

இப்படிச் சுடுவது ஒரு விளையாட்டு. 1971 முதல் அதற்கு அனைத்துலக அமைப்பு இருக்கிறது. 25 மீட்டர் தூரத்தில் இலக்கு. 30 நிமிடத்தில் 13 முறை சுட வேண்டும். அதில் சிறந்த 10 கணக்கில் சேரும். 13 முறையும் அளந்த மருந்தைக் கொட்டி, மேலே கொஞ்சம் ரவை போட்டு, எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டை வைத்துக் கோலால் கெட்டிக்க வேண்டும்.

"ரவையா? உப்புமா ரவையா?"

"அதேதான் மச்சான். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல இடைவெளி இருக்கக் கூடாது, அதுக்கு."

இத்தனை வேலைக்கும் இரண்டு கை வேண்டும். அந்த நேரத்தில் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை தேவை. அதுதான் ஸ்டாண்டு.

அளவு எடுக்கத் துப்பாக்கி இங்கே இல்லை. மரத்தில் மாதிரி செய்து பார்க்கவும் பயம். அவன் தாளில் வரைந்து, ஒவ்வொரு அளவையும் மில்லிமீட்டரில் எழுதி அனுப்பினான். நான் வேலையைத் தொடங்கினேன்.

அடிப்பலகை 30க்கு 20 சென்டிமீட்டர், கனம் 3 சென்டிமீட்டர். இலேசான பலகை என்றால் கெட்டிக்கும்போது கவிழ்ந்துவிடும். அதில் கைப்பிடி உட்கார ஒரு குழி. பின்னால் 28 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தூண். தூணின் தலையில் குழல் சாய ஒரு பிளவு, உள்ளே தோல் ஒட்டியது. இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. பசையும் மர முளையும்தான். கரிமருந்துக்குச் சின்னப் பொறி போதும்.

அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். "ரப்பர் மரமா? எங்க காலத்துல அது வெறகுக்குத்தான் ஆகும்" என்றார். உண்மைதான். 1890களில் கின்டர்ஸ்லி சகோதரர்கள் இதே காஜாங்கின் இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் நட்டபோது, பாலுக்காகத்தான் நட்டார்கள். 25, 30 வருடத்தில் பால் குறைந்த மரம் அடுப்புக்குப் போகும். பூச்சி அரிக்காமல் மருந்தேற்றி, காய வைத்து, நாற்காலி மேசை செய்யும் பழக்கம் பின்னால் வந்தது.

முதல் ஸ்டாண்டு முடிந்ததும் வீடியோவில் காட்டினேன். அழகாக இருக்கிறது என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். "மச்சான், இதை நான் பயன்படுத்த மாட்டேன்" என்றான். குழல் நேர் செங்குத்தாக நின்றது. மருந்து போடக் குனிந்தால் முகம் குழல் வாய்க்கு மேலே வரும். குழல் நம்மை விட்டு விலகிச் சாய்ந்திருக்க வேண்டும். மருந்தைத் தூண்டும் சின்னச் செம்புத் தொப்பியைப் பொருத்துவதும் ஸ்டாண்டில் இருக்கும்போது கூடாது. கையில் எடுத்து இலக்கைப் பார்த்து நீட்டிய பிறகுதான். தூணை மறுபடி அறுத்தேன்.

அடுத்து அவன் கேட்டது, அடிப்பலகையின் முன்புறம் வரிசையாக 13 குழிகள். வீட்டிலேயே மருந்து அளந்து நிரப்பிய 13 சின்னக் குப்பிகள் அதில் நிற்கும். கொட்டியதும் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதே குழியில் வைக்க வேண்டும்.

"எதுக்கு இந்தக் கவிழ்க்கிற வேலை? உனக்கு எண்ணத் தெரியாதா?"

"எண்ணத் தெரியும் மச்சான். ஆனா பக்கத்துல ஒருத்தர் பேச்சுக் குடுத்தா, மருந்து போட்டோமா இல்லையான்னு மறந்துடும். போட்ட குழல்ல இன்னொரு தடவை மருந்தும் குண்டும் போட்டா, குழலே வெடிக்கலாம்."

அவன் ஒரு கதையும் சொன்னான். 1863 இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும், களத்தில் 27,000க்கும் அதிகமான துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். சுமார் 24,000 சுடப்படாமல் மருந்தோடு கிடந்தன. அவற்றில் ஏறக்குறைய பாதியில் இரண்டு முறை கெட்டித்திருந்தது. எல்லாரும் பயிற்சி பெற்ற சிப்பாய்கள். சத்தத்திலும் பயத்திலும், கை செய்ததை மனம் மறந்துவிட்டது.

கேட்டுவிட்டுச் சிரித்தேன். சிரித்து ஒரு வாரம் ஆகவில்லை.

அந்த வியாழக்கிழமை பசியாறலுக்கு முன் அம்மாவுக்கு நான் சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன். நான் கொடுத்தது என் மனைவிக்குத் தெரியாது. அவளும் கொடுத்தாள். அம்மாவும் வாங்கிப் போட்டுக்கொண்டார். பத்தரை மணிக்கு நான் திரும்பியபோது, அம்மாவின் சேலை வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. என் பெயரைக் கேட்டேன். தம்பி பெயரைச் சொன்னார். விரலில் குத்திப் பார்த்தால் 3.1. நான்குக்குக் கீழே போகக் கூடாது.

மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தோம். ஏறியிருந்தது. ஆனாலும் மருத்துவர் மாலை வரை அனுப்பவில்லை. அந்த வகை மாத்திரை உடம்பில் நெடுநேரம் வேலை செய்யும், ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்றார். "கொடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால், இன்னொன்று கொடுக்காதீர்கள். முதலில் எங்களைக் கேளுங்கள்" என்றும் சொன்னார்.

வரும் வழியில் காரில் யாரும் பேசவில்லை. யார் தவறு என்று கேட்டால் யாருடையதும் இல்லை. இரண்டு பேருக்கும் அக்கறை இருந்தது. அதனால்தான் மாத்திரை இரண்டு முறை போனது.

அன்றிரவே மிஞ்சிய ரப்பர் பலகையை எடுத்தேன். ஏழு நாள், காலை, இரவு என்று 14 குழிகள் துளைத்தேன். இருமல் மருந்தோடு வரும் சின்னக் கோப்பைகளை மருந்தகத்தில் கேட்டு வாங்கி, குழிக்கு ஒன்றாக வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் மாத்திரைகளைப் போட்டு வைப்பேன். விழுங்கியதும் கோப்பையைக் கவிழ்க்க வேண்டும். "அஞ்சு வெள்ளிக்குக் கடையில டப்பா கிடைக்குது" என்றாள் மனைவி. கிடைக்கிறதுதான். உங்கள் வீட்டில் அப்பா அம்மாவுக்கு அதை வாங்கி வைத்தாலும் போதும். ஒருவர் கொடுத்தது மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அம்மாவிடம் பலகையைக் காட்டி விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே கையமர்த்தினார்.

"தெரியும்டா. பால் எடுத்ததும் மங்கைத் துடைச்சுக் கவுத்துட்டுத்தானே அடுத்த மரத்துக்குப் போவோம். கவுந்த மங்கைப் பார்த்தா எடுத்தாச்சுன்னு அர்த்தம்."

மாத்திரையை விழுங்கினார். கோப்பையைச் சேலைத் தலைப்பால் ஒரு துடை துடைத்து, கவிழ்த்து வைத்தார்.

மைத்துனன் தீபாவளிக்கு வந்து ஸ்டாண்டை எடுத்துப்போனான். பலகை எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. இப்போது காலையில் என் மனைவி என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கோப்பையைப் பார்க்கிறாள்.