மூணு வயசுப் பொடுசுக்கு எதுக்குங்க நாலு கோடு நோட்டு?

எல்கேஜி புள்ளைய உக்கார வெச்சு எழுத வைக்கறது படிப்பே இல்லைங்க. வாங்குன ஃபீஸுக்குப் பள்ளிக்கூடம் அப்பன் ஆத்தாளுக்குக் காட்டற கணக்கு அது. கோயமுத்தூர்லயும் சென்னைலயும் இருந்துக்கிட்டு இந்தப் பக்கத்தப் படிக்கறவங்க பாதிப் பேருக்கு இது கோபத்தக் கெளப்பும். கெளப்பட்டும். நான் பள்ளிக்கூடப் படிப்போட நிறுத்திட்டு மூணு ஏக்கர்ல தென்னையும் கடலக்காயும் பாக்கறவன். ஆனா நாத்துக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியும்.

எங்க பக்கம் காலைல ஏழரைக்கெல்லாம் மஞ்ச வேன் வந்துருது. மூணரை வயசுப் பொடுசுக தூக்கக் கலக்கத்தோட ஏறுதுக. கழுத்துல ஐடி கார்டு, முதுகுல அதுகளவுக்குப் பை. பொழுதோட வந்தா ஹோம் ஒர்க். நாலு கோடு நோட்டுல ஒரு பக்கம் முழுக்க 'ஏ', இன்னொரு பக்கம் 'பி'. கோட்டத் தாண்டுனா ரப்பர், அழுதா ஒரு அடி. இத எல்லா ஊட்டுலயும் பாக்கறேன்.

மூணு, நாலு வயசுல மணிக்கட்டு எலும்பே இன்னும் முழுசா உருவாகியிருக்காது. பென்சில இறுக்கிப் புடிக்கற தசைக்குத் தெம்பு வரணும்னா மண்ணுப் பெசையணும், கல்லு பொறுக்கணும், கயிறு இழுக்கணும். தக்காளி நாத்து நட 25 நாள் ஆகும். பத்தாம் நாளே புடுங்கி நட்டுட்டு பக்கத்துக் காட்டுக்காரனவிட முந்திட்டேன்னு பெருமையா சொன்னா, ஊரே சிரிக்காதா? புள்ளைக விசயத்துல மட்டும் கைதட்டறோம்.

கணக்கையும் பாருங்க. "ஒன், டூ" னு நூறு வரைக்கும் மூச்சு விடாம ஒப்பிக்குது. அஞ்சு தேங்காய முன்னால வெச்சு, ரெண்ட எடுத்துட்டு, மிச்சம் எத்தனை கண்ணுன்னு கேட்டா முழிக்குது. ஒப்பிக்கறது பாட்டு, எண்ணறதுதான் கணக்கு. பல்லாங்குழில பதினாலு குழி, குழிக்கு அஞ்சு முத்து. ஒரு குழிக்கு ஒரு முத்துன்னு போட்டுக்கிட்டே போகும்போது ஒண்ணுக்கு ஒண்ணுங்கற கணக்கு விரல் வழியா மண்டைல ஏறுது. எந்தக் குழில எடுத்தா எங்க போய் நிக்கும்னு அம்முச்சிகூட ஆடற நாலு வயசுப் புள்ள யோசிக்கும் பாருங்க, அதுக்கு எந்த ஒர்க் புக்கும் ஈடாகாது.

நம்ம பாஷைலயும் அதுக்கு வசதி இருக்குங்க. பதினொண்ணுன்னா பத்தும் ஒண்ணும். பதிமூணுன்னா பத்தும் மூணும். பேருலயே கணக்கு இருக்கு. 'லெவன்', 'ட்வெல்வ்' னு சொல்லறப்போ அந்தப் பத்து எங்க ஒளிஞ்சிருக்குன்னு புள்ளைக்கு எப்படித் தெரியும்? மொதல்ல தமிழ்ல எண்ணிப் பழகட்டும், அப்பறம் இங்கிலீஷ்ல சொல்லட்டும். நான் இங்கிலீஷுக்கு எதிரி இல்ல. ஊட்டுல பேசற பாஷைல கதை கேட்டுப் புரிஞ்சுக்கிட்ட புள்ளைக்குத்தான் இன்னொரு பாஷை ஒட்டும்னு சொல்றேன்.

இது ஏதோ பட்டிக்காட்டான் பேச்சுன்னு நெனைக்காதீங்க. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. அவுங்க முறைல உப்புத்தாள்ல வெட்டுன எழுத்த விரலால தடவிப் பாத்த பிறகுதான் பென்சில். நம்ம திண்ணைப் பள்ளிலயும் மணல்ல விரல்தான் மொதல்ல எழுதுச்சு. திண்ணைப் பள்ளியத் தூக்கிப் புடிக்க வரல, அங்க பிரம்படியும் உண்டு, எல்லாச் சாதிப் புள்ளைக்கும் இடமும் இல்ல. ஆனா அந்த மணல் சரி. ஃபின்லாந்துல ஏழு வயசுலதான் ஒண்ணாங்கிளாஸ். அந்த நாட்டுப் புள்ளைக ஒண்ணும் கெட்டுப் போயிடல. இன்னைக்கு நகரத்துல மாண்டிசோரின்னு போர்டு மாட்டி லட்சக்கணக்குல வாங்கிக்கிட்டு அதே நாலு கோடு நோட்டக் கொடுக்கற இடமும் இருக்குதுங்க.

சரி, தனியார் அவங்க யாவாரத்தப் பாக்கறாங்க. அரசாங்கம் என்ன பண்ணுது?

2019 ஜனவரி 21-ம் தேதி, நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருக்கற 2381 அங்கன்வாடில எல்கேஜி, யுகேஜி ஆரம்பிச்சாங்க. நல்ல காரியம். ஆனா அதுக்குன்னு ஆசிரியர் போடல. பெரிய வகுப்புக்கு இருந்தவங்கள மாத்தி அனுப்பினாங்க. 2022 ஜூன்ல அவங்களையும் திரும்ப எடுத்துக்கிட்டு, எல்கேஜி பள்ளில நடக்காதுன்னாங்க. எதிர்ப்பு கிளம்புனதும் நடக்கும்னாங்க, தற்காலிக ஆசிரியர வெச்சு. தொகுப்பூதியம் மாசம் 5000 ரூபாய். இருபத்தஞ்சு நாளுக்குப் போட்டா நாளைக்கு எரநூறு. களை வெட்ட வர்ற ஆத்தாவுக்கு நான் அதுக்கு மேல கொடுக்கறேன். ஒரு தலைமுறைக்கு அஸ்திவாரம் போடறவருக்கு இதுதான் கூலியா?

மத்த அங்கன்வாடிய எடுத்துக்கங்க. மாநிலத்துல 54,439 மையம். நாங்க இன்னமும் பால்வாடின்னுதான் சொல்லுவோம். ஒரு டீச்சரம்மா, ஒரு உதவியாளர். எடை போடணும், சத்துமாவு கொடுக்கணும், கர்ப்பிணிகளப் பாக்கணும், போன்ல ஏத்தணும், எலக்‌ஷன் வந்தா ஓட்டர் லிஸ்ட் வேலையும் தலைல விழும். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'ன்னு அருமையான புத்தகம் இருக்கு. ஆடிப்பாட நேரம்தான் இல்ல.

இதுல பெரிய வேடிக்கை ஒண்ணு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளில 25 சதவீத எடத்துல ஏழைப் புள்ளைகளச் சேத்து, அதுக்கு அரசாங்கமே காசு கட்டணும். அது எல்கேஜிலயே ஆரம்பிக்குது. ஆனா அதே சட்டத்துல, மூணுலருந்து ஆறு வயசுப் புள்ளைகளுக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்'னுதான் போட்டிருக்கு, 'செய்யணும்'னு இல்ல. தன் ஊட்டுல அடுப்புப் பத்த வைக்காம, புள்ளைய ஓட்டல்ல சாப்புடச் சொல்லிக் காசு கொடுக்கற கதைதான். மூணு வயசுல வேன்ல ஏறுன புள்ள அஞ்சு வயசுல எங்க ஊரு ஒண்ணாப்புக்குத் திரும்பி வருமா? வராது. அப்பறம் 'மாணவர் சேர்க்கை குறைவு'ன்னு சொல்லி ஊர்ப் பள்ளிக்கூடத்தப் பூட்டறது.

அடிப்படை விட்டா என்ன ஆகும்னு கொரோனா காட்டுச்சு. ரெண்டு வருசம் பள்ளிக்கூடம் மூடிக் கெடந்துச்சு. அதுக்குத்தான் 2022 ஜூன்ல 'எண்ணும் எழுத்தும்' கொண்டு வந்தாங்க. அரும்பு, மொட்டு, மலர்னு புள்ளைக நிலைய வெச்சுப் பிரிச்சு, பாட்டு, கதை, அட்டை, பொம்மைன்னு சொல்லிக் கொடுக்கறாங்க. பதிவு ஏத்தற வேலை அதிகம்னு ஆசிரியர்கள் சொல்றது நெசம். ஆனா ஒரு விசயத்துல அந்தத் திட்டம் நியாயமானது: எல்லாப் புள்ளையும் ஒரே நாள்ல ஒரே பக்கத்துல நிக்காதுன்னு ஒத்துக்குச்சு. அந்தப் புத்தி மூணு வயசுக்கும் வேண்டாமா?

வேன்ல அனுப்பற தாய் தகப்பனத் திட்ட எனக்கு வாய் வரல. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போற பொண்ணு காலைல எட்டரைக்கு ஷிப்ட்ல நிக்கணும், ராத்திரிதான் ஊடு திரும்பும். மத்தியானம் பால்வாடி விட்டா புள்ளைய யாரு பாப்பா? மில்லு வேலைக்கு வந்த பீகார், ஒரிசா சனத்துக்கு அம்முச்சி கூட இல்ல. ஆட்ட வித்து, சீட்டு எடுத்து ஃபீஸ் கட்டறாங்க. இங்கிலீஷ் ஆசை பாதி, புள்ளையப் பாத்துக்க ஆளில்லாத கொடுமை மீதி.

அதனால கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. ஒவ்வொரு பால்வாடிக்கும் சொல்லிக்கொடுக்க மட்டும்னு படிச்ச ஆசிரியர் ஒருத்தர், மானமா வாழற சம்பளத்துல. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் தொறந்திருக்கணும். காலைல ஒண்ணுலருந்து அஞ்சாப்பு வரைக்கும் போடற உப்புமா, பொங்கல் அந்தப் பொடுசுகளுக்கும் வேணும். அஞ்சு வயசுக்கு முன்னால எழுத்து ஹோம் ஒர்க் கொடுக்கறது தனியாரா இருந்தாலும் தடை.

நகரத்துல இருக்கற உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். இந்த எல்கேஜி பந்தயத்த ஆரம்பிச்சு வெச்சது நீங்கதான். உங்களப் பாத்துத்தான் எங்க சனம் ஓடுது. அடுத்த தடவை பள்ளிக்கூடத்துல "எம்புள்ள இன்னும் எழுதலையே"ன்னு மிஸ்ஸுகிட்டப் போய் நிக்காதீங்க. "இன்னைக்கு என்ன கதை சொன்னீங்க, என்ன வெளையாண்டுச்சு"ன்னு கேளுங்க. நீங்க கேக்கறது மாறுனாத்தான் பள்ளிக்கூடம் மாறும். அது மாறுனாத்தான் எங்க ஊருக்கு வர்ற வேன்ல நாலு கோடு நோட்டு கொறையும்.