நிழல் விழாக் கதையும் நின்று பேசும் கல்லும்

தஞ்சைப் பெரியகோயிலைக் காண நாள்தோறும் கூட்டங்கூட்டமாய் மக்கள் வருகின்றனர். கேரளாந்தகன் திருவாயிலையும் இராசராசன் திருவாயிலையும் கடந்து, பெருவிடையின் அருகில் நின்று, ஏறத்தாழ 216 அடி உயர்ந்து நிற்கும் விமானத்தை நிமிர்ந்து நோக்குகின்றனர். வழிகாட்டுவோர் அவர்களைச் சூழ நிறுத்திக் கதை சொல்லத் தொடங்குகின்றனர். விமானத்தின் நிழல் தரையில் விழாதாம். உச்சியில் இருப்பது எண்பது தொன் எடையுள்ள ஒரே கல்லாம். விடை நாளுக்குநாள் வளர்ந்துகொண்டே போயிற்றாம். முதுகில் ஆணி அறைந்த பின்னரே வளர்ச்சி நின்றதாம். தலைவாயில் வழியே புகும் ஆட்சியாளர் பதவி இழப்பராம். கேட்டவர் வியந்து, படம் எடுத்துக்கொண்டு, பேருந்தில் ஏறிவிடுகின்றனர்.

நிழல் விழத்தான் செய்கின்றது. காலையிலோ மாலையிலோ வெயிலில் நின்று பார்க்கும் சிறுவனுக்கும் அது தெரியும். உச்சிக்கல் பல துண்டுகளைப் பொருத்தி அமைத்தது. இன்றுள்ள பெருவிடை சோழன் வைத்ததன்று, நாயக்கர் காலத்தது. பதவி போவதற்கோ தேர்தல் போதும், திருவாயில் வேண்டியதில்லை.

கதை கேட்பது குற்றமன்று. கோயில் என்று ஒன்றிருந்தால் அதைச் சுற்றிக் கதை வளரும். ஆனால் இக்கதைகள் சொல்லப்படும் இடத்திற்குச் சில அடித் தொலைவிலேயே, விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும், கோயிலை எடுத்தவனே தன் செய்தியைத் தமிழில் வெட்டுவித்து வைத்திருக்கின்றான். அதைத் தமிழர் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் படிக்காமல் போகின்றனர் என்பதே வருத்தத்திற்குரியது.

படிக்காமற் போனதன் விளைவு சிறிதன்று. வடமொழியில் எழுந்த பிரகதீசுவர மாகாத்துமியம் இக்கோயிலைக் கரிகாலச் சோழன் கட்டியதாகக் கூறியது. கட்டியவனின் பெயர் சுவரெங்கும் பொறித்திருக்க, நாடு அக்கதையைக் கேட்டுக்கொண்டிருந்தது. 1886-இல் அரசின் கல்வெட்டறிஞராக அமர்த்தப்பட்ட ஊல்சு என்னும் செருமானியர், தம் துணைவர்களோடு சுவரெழுத்துகளைப் படியெடுத்து ஆய்ந்தார். 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அவை அச்சேறின. தமிழன் கோயிலில் தமிழன் வெட்டிய தமிழைப் படித்துக் காட்ட அயல்நாட்டான் ஒருவன் வரவேண்டியிருந்தது!

கல்லில் உள்ளவை எவை? தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை குந்தவை கொடுத்தவற்றையும், தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் ஒருங்கே கல்லில் வெட்டுக என்று மன்னன் ஆணையிட்ட செய்தி முதற்கண் நிற்கின்றது. தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1010-இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தான். குடத்தின் எடை 3083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு. அரைக் கழஞ்சையும் விடாமல் எழுதினான். பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர் ஆடவல்லான். நெல்லை அளந்த மரக்காலின் பெயரும் ஆடவல்லான். இறைவனுக்கு இட்ட தூய தமிழ்ப் பெயரை எடைக்கல்லுக்கும் மரக்காலுக்கும் இட்டு வழங்கிய காலம் அது.

ஒரு விளக்கு ஓயாது எரிய 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடல் மகளிர் 400 பேர். அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தவர் என்பது ஒவ்வொரு பெயரோடும் குறிக்கப்பட்டுள்ளது. ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். கணக்கர், தச்சர், தட்டார், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் ஆகியோரும் கல்லில் இடம்பெற்றனர். கோயிலை எடுத்த குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் அங்கே உண்டு. எகித்தின் கூர்ங்கோபுரங்களைக் கண்டு வியப்போர் பலர்; இப்பெருந்தச்சனின் பெயரைக் கேட்டறிந்தோர் எத்தனை பேர்?

தொன்மக் கதைகளை விரும்புவோர்க்கும் கல் குறை வைக்கவில்லை. சிறுத்தொண்ட நம்பி, திருவெண்காட்டு நங்கை, சீராளதேவர் ஆகியோரின் செப்புத் திருமேனிகளைக் கோயிற் செயல் பார்த்த தென்னவன் மூவேந்தவேளான் எழுந்தருளுவித்த செய்தி அளவோடு எழுதப்பட்டுள்ளது. பிள்ளைக் கறி கேட்ட கதை தமிழ் மண்ணில் பிறந்த கதை. நிழல் விழாக் கதையைக் காட்டிலும் அது ஆயிரம் மடங்கு உள்ளத்தை உலுக்கும். அதை எந்த வழிகாட்டி சொல்கின்றான்?

கல் பொய்யும் சொல்லவில்லை, பூசி மெழுகவும் இல்லை. மன்னன் வடசொற்களைக் கிரந்த எழுத்தில் கலந்தே வெட்டுவித்தான். கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களின் கணக்கில், பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வரியில்லா நிலமாகத் தனித்துக் குறிக்கப்பட்டுள்ளன. சோழன் பெருமை பேசுவோர் அவ்வரிகளையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

திருப்பதியம் பாடப் பிடாரர் 48 பேர். உடனிசைக்க உடுக்கை வாசிப்பான் ஒருவன், கொட்டி மத்தளம் வாசிப்பான் ஒருவன். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். அக்கோயிலில் 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் குடமுழுக்கு நடந்தபோது, தமிழ் ஒலிக்க வேண்டும் என்பதற்காக உயர் வழக்கு மன்றத்தின் மதுரைக் கிளைவரை செல்ல நேர்ந்தது. வடமொழியோடு தமிழும் ஒலிக்க வழி பிறந்தது. 48 பேர் நாள்தோறும் நெல் பெற்றுப் பாடிய இடத்தில், தமிழ் வழக்காடி நுழைந்தது! அக்கல்வெட்டைத் தமிழர் படித்துப் பழகியிருந்தால், வழக்குக்கு வேண்டிய சான்று ஊரார் வாயிலேயே இருந்திருக்கும்.

படிப்பது கடினம் என்பது வெற்றுச் சாக்கு. பதினோராம் நூற்றாண்டின் தமிழெழுத்து இன்றைய எழுத்தின் பாட்டன், முகச்சாயல் மாறவில்லை. மெய்யெழுத்திற்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படா. ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும். இவற்றை அறிந்துகொண்டு சில கிழமைகள் பழகினால், பள்ளி மாணவன் வரிவரியாய்ப் படிக்கலாம். ஆண்டுதோறும் பிள்ளைகளைத் தஞ்சைக்கு அழைத்துச் செல்லும் பள்ளிகள் பல. புறப்படுமுன் இரண்டு பாடவேளைகளை இதற்கு ஒதுக்கினால் செலவொன்றும் இல்லை. கோயிலைக் காக்கும் தொல்லியல் துறையும், ஒவ்வொரு சுவரண்டையும் அங்குள்ள வரிகளின் இன்றைய எழுத்து வடிவைத் தமிழில் எழுதி வைக்கலாம்.

மன்னனின் ஆணை விமானத்தின் வடபுறத்திலும் மேற்குப்புறத்திலும் மேல்வரிசையில் ஓடுகின்றது. பிள்ளைகளை அங்கே நிறுத்தி ஒரு சொல்லைத் தேடச் சொன்னால் போதும். 'அககன' என்று புள்ளியின்றி அங்கே இருக்கும். அச்சொல் 'அக்கன்', இராசராசன் தன் தமக்கையை அழைத்த பெயர்.