தொண்டைக்கும் ஒரு வார விடுமுறை வேண்டாமா?

அவிநாசிப் பக்கம் விசைத்தறி ஓடும் கூடத்துக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூடக் கத்த வேண்டும்! இரைச்சல் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான் என்று 1911-லேயே எழுதினார் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு காது, மூக்கு, தொண்டை மருத்துவர். தறிக்காரருக்கு மட்டுமா? நிறைந்த வகுப்பில் பாடம் எடுக்கும் ஆசிரியைக்கும் இதே கதிதான்.

பெண்கள் பேசும்போது குரல் நாண்கள் விநாடிக்குச் சுமார் 200 முறை மோதுகின்றன. இடைவிடாமல் ஐந்து நிமிடம் குரல் கொடுத்தால் 60,000 மோதல்! வீங்காமல் என்ன செய்யும்?

உடனே மிளகு, பனங்கற்கண்டு, புதினா மிட்டாய் என்று ஓடுகிறோம். தொண்டைக்கு இதமாக இருக்கும், உண்மைதான். ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது. குரல் நாணைத் தொடுவதே இல்லை. அதற்கு உண்மையான மருந்து மௌனமும் போதுமான தண்ணீரும்தான். அடிக்கடி செருமுவதும், அழுத்திக் குசுகுசுப்பதும் ஓய்வாகாது.

ஆனால் கூலிக்காரர் எப்படி மௌனமாக இருப்பார்? அங்கேதான் பிரச்சனை. கை வலித்தால் லீவு கேட்கலாம். குரல் போனால் சிரிக்கிறார்கள். வகுப்புக்கு ஒரு சின்ன மைக், தறிக்கூடத்தில் கைஜாடை, பேச வேண்டியதை வெளியே அழைத்துப் பேசுவது. இவை பெரிய செலவா என்ன? வேலை வாங்குபவர்கள்தான் செய்து தர வேண்டும்.

கரகரப்பு மூன்று நான்கு வாரம் நீடித்தால் மட்டும் கைவைத்தியம் போதாது. மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.