சான்றிதழ் வழங்கியவருக்கு ஒரு திறந்த மடல்

சமூக உரைபெயர்ப்பாளர் பயிற்சிக்கும் நியமனத்துக்கும் பொறுப்பு வகிக்கும் உயர் அதிகாரி அவர்களின் சமூகத்துக்கு,

மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியத் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவன் நான். உரைபெயர்ப்பாளர் நியமனம் குறித்து முன்னர் அனுப்பிய விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தன என்ற ஒரு வரி அறிவித்தலேனும் தங்கள் காரியாலயத்திலிருந்து வாராமையால், இனி ஊரறியக் கேட்பதே தகும் எனத் துணிந்து இதனைப் பகிரங்கமாக எழுதுகிறேன். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தையும், தமிழையும் அரசகரும மொழியாக்கிய, 1987 இல் வந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தையும், 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் இயற்றப்பட்டதையும் தாங்கள் அறியாதவரல்லர். ஆதலின் அவற்றை ஒப்புவித்துத் தங்கள் பொழுதை வீணாக்கேன்.

சென்ற ஆண்டு தங்கள் தலைமையில் நிகழ்ந்த வைபவத்துக்கு நானும் வந்திருந்தேன். மங்கல விளக்கேற்றிய பின், பயிற்சி முடித்த யுவதிகளும் இளைஞரும் ஒவ்வொருவராக மேடையேறிச் சான்றிதழ் பெற்றனர். கேட்டதில் ஒன்றைக் கூட்டலும் குறைத்தலும் ஆகாது என்றும், நோயாளியின் இரகசியம் வெளியே போகலாகாது என்றும், உறவினரை, விசேஷமாகக் குழந்தைகளை, இப்பணிக்கு அழைப்பது அபாயம் என்றும் அவர்கள் கற்றவற்றைத் தாங்களே அழகாக எடுத்துரைத்தீர்கள். என் மாணவி ஒருத்தியும் அன்று சான்றிதழ் பெற்றாள், கண்டு பூரித்தேன்.

அதன் பின் நிகழ்ந்ததைக் கேளுங்கள். கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி, உதிரப்போக்கு நிற்காமல் அரசாங்க வைத்தியசாலைக்குப் போனாள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. அவளுக்குச் சந்தைப் பேச்சுக்கு மேல் சிங்களம் தெரியாது. ஆகவே, கடைவீதியில் பழகிச் சிங்களம் கற்றிருந்த அவளுடைய பன்னிரண்டு வயது மகனை, பாடசாலைச் சீருடையோடு கட்டிலருகே நிறுத்தி, அவன் வாயாலேயே தாயின் மாதவிலக்கைப் பற்றி விசாரித்தார்கள். மகனிடம் சொல்லக் கூசிப் பாதியைத் தாய் விழுங்கினாள். கருப்பையையே அகற்றவேண்டும் என்று வைத்தியர் சொன்னதை மகன் விழுங்கி, "வயித்துல கட்டியாம்மா, எடுத்துட்டா சரியாயிருமாம்" என்றான். சிங்களத்தில் அச்சிட்ட சம்மதப் பத்திரத்தில் அவளது பெருவிரல் ரேகை பதிந்தது. தனக்குச் செய்யப்பட்டது இன்னதென்று, வீடு திரும்பிப் பல நாள் கழித்துத் தோட்டத்து மருத்துவமாது சொல்லித்தான் அவள் அறிந்தாள்.

இத்தனையும் நடந்த வேளையில், தங்கள் கையால் சான்றிதழ் பெற்ற என் மாணவி, அதே கட்டடத்தின் கீழ்மாடியில் கிளினிக் கொப்பிகளுக்கு இறப்பர் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். உரைபெயர்ப்பாளர் என்றொரு பதவி அவ்வைத்தியசாலையின் ஆளணியிலேயே இல்லையாம். வேறு வேலைக்கு எடுத்தவளை வார்ட்டுக்கு அனுப்ப எவருக்கும் அதிகாரம் இல்லையாம்.

இல்லாத பதவிக்குப் பயிற்சியும், அந்தப் பயிற்சிக்கு விழாவும், விழாவுக்குப் பொன்னாடையும் யாருக்காக ஐயா? அடுத்த வைபவத்தில் அந்தச் சிறுவனை மேடைக்கு அழைத்து மாலை சூட்டுங்கள். பயிற்சியின்றி, சம்பளமின்றி, உங்கள் இலாகாவின் கடமையைச் செய்தவன் அவன்தானே! அவனோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளவும் மறவாதீர்கள்.

புதியவர்களைக் கொண்டாடுவது குற்றமென்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு இருக்க ஓர் ஆசனமும், நோயாளியிடம் போக ஓர் உத்தரவும் கொடுத்துவிட்டுக் கொண்டாடுங்கள். வைத்தியர் மீதும் எனக்குக் கோபமில்லை. கேட்க வாயில்லாத அந்தத் தாய்க்குப் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள். நியமனக் கடிதங்களில் கையெழுத்திடும் வரை, தயவுசெய்து இன்னொரு விழா எடுக்காதீர்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியன்