அதிர்வதெல்லாம் இசையன்று!



"பாஸ் எப்படி சார்? நெஞ்சு அதிர்கிறதா?" ஒலிக்கருவி விற்கும் கடைகளில் இதுவே முதற்கேள்வி, பல வேளைகளில் இதுவே கடைசிக் கேள்வியும் ஆகும். நெஞ்சு அதிர்ந்தால் நல்ல கருவியாம்! வாங்குபவரும் மனநிறைவோடு ஈராயிரம் வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுபோய் வரவேற்பறையின் மூலையில், பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார். அன்றிலிருந்து அவ்வீட்டில் எந்தப் பாடலை ஒலிக்கவிட்டாலும் கேட்பது 'டும்... டும்...' ஒன்றே.

சப்வூஃபர் என்பது தனியே கேட்பதற்கான கருவியன்று. இணைந்து ஒலிப்பதற்கான கருவி. முன்னே நிற்கும் இரண்டு ஒலிபெருக்கிகளால் இறங்க முடியாத ஆழத்திற்கு இறங்கி, அவற்றுக்குத் துணைநிற்பதே அதன் பணி. ஓர் எளிய தேர்வு உண்டு. அதை இயக்கும்போது அது இருப்பதே தெரியக்கூடாது. அணைத்தவுடன் ஏதோ குறைந்துவிட்டதென்று தெரியவேண்டும். நம் இல்லங்களில் இந்தத் தேர்வில் தேறுவன மிகச் சில.

இன்னொரு சாரார் இருக்கிறார்கள். 'இரண்டு ஒலிபெருக்கிகளே தூய்மையானவை. சப்வூஃபர் திரைப்படத்துக்குரிய ஆரவாரம்' என்று முகஞ்சுளிப்பவர்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நான்கு தந்திகளையுடைய பாஸ் கித்தாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஐந்து அங்குலக் கூம்பு கொண்ட சிறு ஒலிபெருக்கிகளுள் பெரும்பாலானவை 60 ஹெர்ட்ஸை ஒட்டியே சோர்ந்துவிடுகின்றன. இளையராஜாவின் பாடல்களில் பாஸ் கித்தார் வெறும் தாளத்துணை அன்று. குரலுக்குக் கீழே தானும் ஒரு பண்ணை இழைத்துச் செல்வது. அதன் அடித்தளத்தைக் கேளாமலே தூய்மை பேசுவது என்ன தூய்மையோ!

ஆயினும், அந்தப் பண்ணையே கொன்றுவிடுவது தவறாக வைக்கப்பட்ட சப்வூஃபர்தான். நம் நாட்டு வரிசை வீட்டையே எடுத்துக்கொள்வோம். அகலம் ஏறத்தாழ 20 அடி, கூரை உயரம் ஏறத்தாழ 10 அடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலியலை மோதித் திரும்பும்போது, அலைநீளத்தின் பாதி அவ்விடைவெளிக்குச் சமமானால் அந்த ஒலி வீங்குகிறது. 20 அடிக்கு அது 28 ஹெர்ட்ஸ். அதன் இருமடங்கு 56. பத்தடிக் கூரைக்கோ நேரடியாகவே 56! இரண்டும் ஓரிடத்தில் வந்து விழுகின்றன. பாஸ் கித்தாரின் இரண்டாம் தடித்த தந்தி 55 ஹெர்ட்ஸ் என்பதையும் இங்கே நினைவிற்கொள்க. அந்த ஒரு சுரம் மட்டும் பூதமாய் எழ, அடுத்துவரும் சுரங்கள் அதன் நிழலில் மறைகின்றன. கருவியை மூலையில் திணித்தால் இவ்வீக்கங்கள் அனைத்தும் உச்சத்தை எட்டும்.

இதற்கு மருந்து விலையுயர்ந்த கம்பியன்று; முழங்கால்தான். சப்வூஃபரை நீங்கள் வழக்கமாக அமரும் இருக்கையில் தூக்கிவைத்து, பாஸ் சுரங்கள் ஏறியிறங்கும் பாடலொன்றை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். (பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.) எல்லாச் சுரங்களும் ஏறக்குறையச் சமமாகக் கேட்கும் இடமே கருவிக்குரிய இடம்.

அடுத்து, எல்லைக்கோடு. 'கிராஸ்ஓவர்' என்னும் திருகியைப் பலர் 150 வரை முறுக்கிவிடுகிறார்கள். ஆண்குரலின் அடித்தொனி ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடுகிறது. எனவே பாடகரின் குரல் பாதி மேடையிலிருந்தும் பாதி பூச்சாடியிலிருந்தும் வருகிறது! 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறதென்று நம் செவியால் எளிதில் அறிய இயலாது. ஆகவேதான் 80 என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லையாயிற்று. ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் தாழொலியைப் பிரித்துத் தடுக்கும் வசதி இல்லாத பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயராயின், அவை சோரும் இடமான 50, 60 அளவில் வைப்பதே பொருந்தும். விரலளவு ஒலிபெருக்கிகளோடு ஒரு பெட்டியைச் சேர்த்து விற்கும் மலிவான தொகுப்புகளில் இதற்கு வழியே இல்லை. அச்சிறு பெட்டிகளால் 150-க்குக் கீழே இறங்க இயலாது. அவற்றை வாங்காதிருப்பதே நன்று.

கருவியின் பின்புறம் 0, 180 என்றொரு விசை இருக்கும். 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு இருபுறமும் மாற்றிப் பார்த்து, இருக்கையில் எது உரக்கக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுக. மற்றதில் இரு அலைகளும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருக்கும்.

ஓர் ஆசிரியனுக்கு இதில் என்ன அக்கறை என்பீர்கள். தாழ்ந்த ஒலி மிகும்போது அது தனக்கு மேலுள்ள ஒலிகளை மறைக்கும். உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அந்த அளவுக்கு மறைப்பதில்லை. மெய்யெழுத்துகளை வேறுபடுத்திக் காட்டும் நுண்ணொலிகள் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலேயே வாழ்கின்றன. வகுப்பில் லகர, ளகர, ழகர வேறுபாட்டுக்காக ஆண்டு முழுதும் தொண்டை வறளப் போராடுகிறோம். வீட்டிலோ, பிள்ளையின் காதில் விழும் தமிழ்ப்பாட்டின் சொற்களெல்லாம் அதிர்வில் மூழ்கிக் கிடக்கின்றன. பாட்டைக் கேட்டால் தாளத்தைத் தட்டிக் காட்டுகிறார்கள். சொல்லைக் கேட்டால் விழிக்கிறார்கள்.

மிருதங்கத்தின் கதியும் அதுவே. வலந்தலையிலுள்ள கருஞ்சாந்து அத்தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி இசைத்தன்மை தருகிறது என்று சர் சி.வி. இராமன் 1920-ஆம் ஆண்டிலேயே 'நேச்சர்' இதழில் எடுத்துக்காட்டினார். அத்தனை நுட்பத்தையும் தொப்பியின் 'தோம்' ஒன்றிலேயே புதைத்துவிட்டுப் 'பாஸ் பிரமாதம்' என்கிறோமே!

'மெதுவாக வைத்தால் பாஸ் கேட்பதில்லையே' என்பார் கூற்றில் மட்டும் உண்மை உண்டு. ஒலியளவு குறையக் குறைய, தாழ்தொனிகளை உணரும் திறன் செவிக்கு விரைந்து குறைகிறது. ஆகவே இரவில் ஒலியைத் தாழ்த்திக் கேட்கும்போது சப்வூஃபரை 2 அல்லது 3 டெசிபெல் உயர்த்திக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டா. பொதுச்சுவரைக் கடந்து பக்கத்து வீட்டாரிடம் செல்வது பாட்டன்று, இந்தத் தாழொலி மட்டுமே. காலையில் மறவாமல் பழைய அளவுக்கே திருப்பிவிடுங்கள்.