நரம்பு என்ற சொல்லும் வர்ம ஆசானின் கையும்

குமரி மாவட்டத்து வர்மக்கலையைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு கூற்று அடிக்கடி கண்ணில் படுகிறது. இன்றைய நரம்பியல் கண்டறிந்ததையெல்லாம் நம் ஆசான்கள் அன்றே ஏட்டில் எழுதி வைத்துவிட்டார்கள் என்பதே அது. இப்படிச் சொல்வது ஆசான்களுக்கும் நரம்பியலுக்கும் ஒருசேர இழைக்கப்படும் அநீதி என்று நாம் கருதுகிறோம்.

நரம்பியல் கண்டறிந்தது என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நரம்பிழை எப்படி உருவாகிறது என்பதே பெரும் விவாதமாக இருந்தது. பல உயிரணுக்கள் சேர்ந்து கோத்த சங்கிலி என்றனர் சிலர். ஒரே உயிரணுவிலிருந்து முளைத்து நீள்வது என்றார் ஸ்பெயினின் ரமோன் இ கஹால். 1907இல் அமெரிக்கரான ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை ஒரு நிணநீர்த் துளியில் இட்டு, உடலுக்கு வெளியே வளர்த்தார். இழை உயிரணுவிலிருந்து நீண்டு செல்வதை நுண்ணோக்கியில் கண்ணால் கண்டார். விவாதம் அங்கிருந்து திசை மாறியது.

அந்த இழையின் நுனியை வளர்கூம்பு என்கிறார்கள். விரல்களைப் போன்ற நுண்ணிய நீட்சிகளால் தரையைத் துழாவி, ஏற்ற இடத்தில் பற்றிக்கொண்டு, ஏற்காத இடத்தில் பின்வாங்கி அது முன்னேறுகிறது. இழையை வெட்டினால் அறுபட்ட வாய்வழியே கால்சியம் உள்ளே பாய்கிறது. பிறகு சவ்வு மூடிக்கொள்கிறது. உயிரணுவை விட்டுப் பிரிந்த பகுதி சிதைந்து போகிறது. இதை அகஸ்டஸ் வாலர் 1850இலேயே தவளையின் நாக்கு நரம்புகளில் கண்டிருந்தார். எஞ்சிய முனை புதிய வளர்கூம்பாகி மீண்டும் நகரலாம். குமிழாக வீங்கி நின்றும் போகலாம். கைகால் நரம்புகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர வல்லவை. மூளையிலும் தண்டுவடத்திலும் இழைகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. 1981இல் ஆல்பர்ட் அகுவாயோவின் ஆய்வகத்தில், எலியின் கால் நரம்புத் துண்டொன்றைத் தண்டுவடத்தோடு பாலம்போல் இணைத்தபோது, அதனுள் மைய நரம்பிழைகளும் நீண்டு வளர்ந்தன. தடை இழையில் மட்டுமில்லை, அதன் சூழலிலும் இருக்கிறது என்று அப்போது தெளிந்தது.

வர்ம ஏடுகள் பேசுவது வேறொன்று. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 இடங்கள். கொண்டைக்கொல்லி, திலர்தகாலம், பிடரிக்காலம் என்று பெயரிட்டு, அடிபட்ட இடம், அடியின் வேகம், இளக்கும் முறை ஆகியவற்றை அவை சொல்கின்றன. அது கையும் கண்ணும் தலைமுறைகளாகச் சேர்த்த அறிவு. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் உயிரணுவைப் பற்றி அது பேசியிருக்க இயலாது. பேசாதது அதற்குக் குறையுமில்லை. தமிழில் நரம்பு என்பது யாழின் தந்தியையும் குறிக்கும், புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயையும் குறிக்கும். ஏட்டில் அச்சொல்லைக் கண்டதும் நியூரான் என்று மொழிபெயர்ப்பது அவசரம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பனையிலிருந்து விழுந்தவரை முதலில் ஆசான் வீட்டுக்குத் தூக்கிச் செல்வது கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் நெடுங்கால வழக்கம். நரம்பு அறுபடாமல் நசுங்கி மட்டும் இருந்தால், மரத்துப்போன கை சில வாரங்களில் தானாகவே மீளக்கூடும். இடையில் தடவுமுறை நடந்திருந்தால், மீட்டது தைலமா இயற்கையா? பலருடைய நோய்க்குறிப்புகளை ஒப்பிடாமல் எவராலும் சொல்ல முடியாது. முறிந்தது கழுத்தோ முதுகெலும்போ என்றால், அவரைப் புரட்டித் தடவுவதே பாதிச் சேதத்தை முழுச் சேதமாக்கிவிடும். அவரை அசைக்காமல் பலகையில் கிடத்தி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முதல் கடமை. ஆசான்கள் எல்லாம் அறிந்தவர்கள் என்னும் பெருமிதம் இங்கே ஒருவரை ஆயுளுக்கும் படுக்கையில் கிடத்தக்கூடும்.

வர்ம மறைபொருளைத் தகுதியற்றவர் கையில் கொடுக்கலாகாது என்னும் ஆசான்களின் அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் வந்தவர் எப்போது விழுந்தார், எந்த விரல் அசையவில்லை, எத்தனை நாளில் அசைந்தது என்னும் குறிப்பில் மறைக்க ஒன்றுமில்லை. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாகர்கோவிலில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் ஆசான்களோடு அமர்ந்து இத்தகைய குறிப்பேடு ஒன்றைத் தொடங்கலாம். ஹாரிசன் தாம் கண்டதைப் பிறரும் காணும்படி வைத்தார். வர்மத்துக்கு அந்த வாய்ப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை. அது கிடைக்கும் வரையிலாவது, இல்லாத பெருமையை அதன் மேல் ஏற்றாமல் இருப்போம்.