மாணவர் அறையும் மனையடி சாஸ்திரமும்

வருஷந்தோறும் ஜூன், ஜூலை மாதங்கள் வந்துவிட்டால் நமது ஊர்ப் பஸ் ஸ்டாண்டுகளில் ஒரு காட்சியைக் காணலாம். தகப்பன் தலையில் ஒரு டிரங்குப் பெட்டி. தாய் கையில் ஒரு வாளி, அதற்குள் சொம்பும் சோப்பும் ஊறுகாய் ஜாடியும். பிள்ளையின் கக்கத்தில் ஒரு பாய். தங்கள் வமிசத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதிக்கப்போகும் பிள்ளையை விடுதியில் கொண்டுபோய் விடுவதற்காக இவர்கள் புறப்பட்டிருக்கிறார்கள். இதைக் கண்டு நாம் அடையும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால், அந்தப் பிள்ளை தங்கப்போகிற பத்தடிக்குப் பத்தடி அறையை எப்படி அமைத்துக்கொள்வது என்கின்ற விஷயத்தில் நம் மக்களின் கவலையெல்லாம் வேண்டாத இடத்தில் போய்ச் சேருவதைப் பார்க்கிறபோது, இரண்டொரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை.

அறைக்குள் நுழைந்ததும் காற்று எங்கே வருகிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்ப்பாரில்லை. வடக்கு எது, ஈசானிய மூலை எது என்றுதான் முதற்கேள்வி. வடக்கே தலை வைத்துப் படுத்தால் ஆயுசு குறையுமாம். ஈசானிய மூலையில் மேஜை போட்டால் படிப்பு பெருகுமாம். ஏன் என்று கேட்டால் முன்பெல்லாம் புராணம் சொல்லுவார்கள். இப்போது புராணம் செல்லாது என்று கண்டுகொண்டு, "பூமி ஒரு காந்தம், நம் இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, ஆகவே வடக்கு இழுக்கும்" என்று சயன்ஸ் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இரத்தத்தில் இரும்பு இருப்பது மெய்தான். ஆனால் அது ஆணி இரும்பைப்போல் தனித்துக் கிடப்பதல்ல. சிவப்பணுக்களில் வேறு பொருளோடு கூடிக்கிடப்பது. அதைக் காந்தம் கவ்வி இழுப்பதில்லை. சென்னையில் பூமியின் காந்த பலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. ஆஸ்பத்திரிகளில் உள்ள எம்.ஆர்.ஐ. யந்திரத்தின் பலமோ சாதாரணமாக 1.5 டெஸ்லா, அதாவது ஏறக்குறைய 37 ஆயிரம் மடங்கு அதிகம். அதற்குள் தினந்தோறும் எத்தனையோ நோயாளிகள் அரைமணி நேரம் படுத்திருந்து, எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். அதிலேயே இழுபடாத இரத்தமா கட்டில் வடக்கே திரும்பியதால் இழுபட்டுவிடும்?

இன்னொன்று கேட்கிறோம். ஓர் அறையில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். ஈசானிய மூலையோ ஒன்றுதான். மூவரும் அங்கேயே மேஜை போடுவது எப்படி? ஒருவன் போட்டுக்கொண்டால் மற்ற இருவரும் பரீட்சையில் தவற வேண்டியதுதானா? விடுதியில் நடைக்கு இந்தப்புறம் உள்ள அறைகள் கிழக்கு நோக்கியும், அந்தப்புறம் உள்ளவை மேற்கு நோக்கியும் இருக்கின்றன. இரண்டு பக்கத்திலும் தேறுகிறவனும் இருக்கிறான், தவறுகிறவனும் இருக்கிறான். படித்தவன் தேறுகிறான் என்பதைத் தவிர இதில் வேறு சாஸ்திரம் என்ன இருக்கிறது?

நிற்க, திசை பார்க்கவே வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. வெயிலுக்கும் காற்றுக்கும் தாராளமாகப் பார்க்கட்டும். நம் நாட்டில் மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலில் காய்ந்து இரவு வெகுநேரம் வரை அனல் வீசும். ஆதலால் கட்டிலை அதை ஒட்டிப் போடாமலிருப்பது நல்லது. மேஜை ஜன்னல் ஓரம் இருக்கட்டும். வலக்கையால் எழுதுகிறவனுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால்தான் கையின் நிழல் காகிதத்தில் விழாது. இடக்கைக்காரனுக்கு இதற்கு மாறாக. பெட்டி கட்டிலுக்கடியில் போகட்டும். பழைய மரப்பெட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்தால் அதுவே புத்தக அலமாரி. கோரைப்பாய் ஒன்றும் பவானி ஜமக்காளம் ஒன்றும் இருந்தால் தனக்கும் ஆயிற்று, ஊரிலிருந்து வரும் தகப்பனுக்கும் ஆயிற்று. வாசலில் கட்டும் எலுமிச்சம்பழத்தைவிட ஒரு கொசுவலை ஆயிரம் பங்கு மேல். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. வாளியை வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் காயவைக்க வேண்டும்.

மின்சாரத்திலும் புத்தி வேண்டும். சிறிய பிளக்கு 6 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டுக்கு அது 1,380 வாட். தண்ணீர் காயவைக்கும் கம்பி ஒன்றே 1,000 முதல் 1,500 வாட் வரை இழுக்கும். அதையும் இஸ்திரிப்பெட்டியையும் ஒரே பிளக்கில் மாட்டிவிட்டு, மேலே சாமி படத்தையும் மாட்டி வைத்தால், வயர் தீப்பிடிக்கிறபோது படமும் சேர்ந்துதான் எரியும்.

இனி அலங்காரம். பக்கத்து அறைக்காரன் வைத்திருக்கிறான் என்பதற்காகக் கலர் விளக்கும், சுவர்த் தாளும், மெத்தையும் வாங்க, பிள்ளை கடிதத்துக்குப் பதில் போனில் நச்சரிக்கிறான். தகப்பன் கம்மலை அடகு வைக்கிறான். இது பெருமையல்ல, அறியாமை. ஆனால் இதைவிடக் கேடான அலங்காரம் ஒன்றுண்டு. அது பல பேர் தங்கும் அறையில் தன் ஜாதிச் சங்கத்துக் காலண்டரைக் கொண்டுவந்து மாட்டுவதாகும். அந்த ஆணியை அடிக்கிறவன் சுவரில் மட்டும் அடிப்பதில்லை. எதிர்க்கட்டிலில் இருக்கும் தோழன் நெஞ்சிலும் அடிக்கிறான். 1924, 1925ஆம் வருஷங்களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து நாடே கொதித்தெழுந்தது. அன்று பந்தியிலிருந்து விரட்டிய ஜாதியை இன்று படுக்கை அறைக்குள் நாமே அழைத்துக் கொள்வதா?

கடைசியாக சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2025இல் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் ஆதிதிராவிடர், பிற்பட்டோர் முதலியவர்களுக்கான மாணவர் விடுதிகளுக்கெல்லாம் "சமூகநீதி விடுதி" என்று பொதுப்பெயர் வைத்தார்கள். ஜாதிப் பெயர் ஒழிந்தது நல்லதே, பாராட்டுகிறோம். ஆனால் பலகையில் எழுதிய நீதி அறைக்குள்ளும் வரவேண்டாமா? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு பூட்டுள்ள அலமாரி, இவை நான்கும் இல்லாத விடுதி சத்திரமே தவிரப் படிக்கும் இடமாகாது. வெறுந்தரையில் குப்புறப் படுத்துப் படிக்கிற பிள்ளையையும், மேஜையில் படிக்கிற பிள்ளையையும் ஒரே பரீட்சையில் உட்கார வைத்துவிட்டுத் திறமை பேசுவது பித்தலாட்டமேயாகும்.

ஆகவே பெற்றோர்களே! பிள்ளையை விடுதியில் விடப் போகும்போது மனையடி சாஸ்திரக்காரனுக்குக் கொடுக்க நினைக்கிற காசில் ஒரு நல்ல மேஜை விளக்கு வாங்கிக் கொடுங்கள். கட்டிலும் மேஜையும் இருக்கிறதா என்று வார்டனைக் கேளுங்கள். இல்லையென்றால் நாலு பேராய்ச் சேர்ந்து கேளுங்கள். வடக்கு எங்கே இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.